ஏழாம் அத்தியாயம்: மலைக்குளிரில் வீடு

மார்கழி பாதியைத் தாண்டிவிட்டால் கண்டியில் யாரைச் சந்தித்தாலும் பேச்சு குளிரில்தான் தொடங்கும். "என்ன குளிர் அக்கா இது, கை விறைச்சுப் போகுது" என்பார் மீன்காரர். "விடிய எழும்பவே ஏலாமக் கிடக்கு" என்பார் பக்கத்து வீட்டு மாமி. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை என்று மேலே ஏற ஏற முணுமுணுப்பும் கூடும். தை முடிந்து மாசி நடுப்பகுதி வரை இது ஓயாது.

இந்த முணுமுணுப்பை நான் மதிக்கிறேன். குளிர் எங்கே புகுகிறது, யாரைப் பிடிக்கிறது என்று சொல்வது அதுதான். "கால்தான் குளிருது" என்கிறவருக்கு ஒரு வேலை செய்ய வேண்டும், "முதுகுக்குள்ள குளிர் போகுது" என்கிறவருக்கு வேறு வேலை. வீட்டில் யார் என்ன சொல்லிப் புலம்புகிறார்கள் என்று இரண்டு நாள் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு இந்த அத்தியாயத்தைத் தொடருங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய கொஞ்சம்

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், சுற்றிலும் மலை சூழ்ந்த ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. மேகமில்லாத இரவில் மலைச்சரிவுகளில் குளிர்ந்த காற்று கீழே வழிந்து கிண்ணத்தின் அடியில் தேங்கும். விடியற்காலையில் வாவியின் மேலும் மகாவலிக் கரையிலும் பனிப்புகார் படுத்துக் கிடப்பது அதனால்தான். தை மாதத்து விடியலில் நகரத்தில் 17, 18 பாகை செல்சியஸ் சாதாரணம். சில நாள் அதற்கும் கீழே இறங்கும். ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் 0.6 பாகை அளவு குறையும் என்று வைத்துக்கொண்டால் உங்கள் தோட்டத்துக் குளிரை நீங்களே கணக்குப் பார்க்கலாம். 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் சில தை மாத விடியல்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், கொழுந்தும் கருகும்.

சிகாகோவில் இருக்கும் உறவினர் இந்த எண்களைக் கேட்டுச் சிரிக்கலாம். 2019 ஜனவரி 30ஆம் திகதி அந்த நகரத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 31 பாகை வரை போனது. ஆனால் அவர்கள் வீட்டுக்குள் 20 பாகை இருக்கும்படி சுவரும் யன்னலும் சூடேற்றியும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நம் வீட்டில் வெளியே எவ்வளவோ உள்ளேயும் அவ்வளவுதான். வீட்டுக்குள் 18 பாகைக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலில் சொல்லியிருக்கிறது. தை மாதத்து ராத்திரியில் எத்தனை லயக் காம்பராக்களில் அது இருக்கும்?

ஈரமும் காற்றும் சேர்ந்தால் உறைநிலைக்கு வெகு மேலேயும் குளிர் உயிரைக் குடிக்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் வெட்டவெளியில் நின்ற மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்தன. அங்கே தண்ணீர் உறையவில்லை. மழையில் நனைந்த உடம்பில் காற்று அடித்தது, அவ்வளவுதான்.

ஆகவே நம் வேலையின் ஒழுங்கு இது: முதலில் ஈரத்தைப் போக்குவது, அடுத்து காற்றை அடைப்பது, கடைசியில்தான் சூடு. அனேகம் பேர் இதைத் தலைகீழாகச் செய்து, ஈர வீட்டுக்குள் ஹீட்டர் போட்டுக் கரண்ட் பில்லைத்தான் ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஈரத்தைப் போக்குதல்

1. பனிப்புகார் விலகி வெயில் சுவரில் விழும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 8க்கும் 9க்கும் இடையில் இருக்கும். அதுவரை யன்னலைத் திறக்க வேண்டாம். வெளியிலிருக்கும் ஈரக்காற்றை உள்ளே அழைப்பதுபோல் ஆகிவிடும்.

2. வெயில் வந்ததும் எதிரெதிர் யன்னலும் கதவும் திறந்து குறைந்தது அரை மணித்தியாலம் விடுங்கள். இரவெல்லாம் நாம் விட்ட மூச்சின் ஈரம் முழுக்க அறைக்குள்தான் நிற்கிறது.

3. போர்வை, தலகாணி, மெத்தை எல்லாவற்றையும் 10 மணிக்குள் வெயிலில் போடுங்கள். கல்லிலோ புல்லிலோ விரிக்காமல் கொடியிலோ கதிரை முதுகிலோ போட்டால் இரண்டு பக்கமும் காயும்.

4. பிற்பகல் 3 மணிக்கெல்லாம் எடுத்துவிடுங்கள். கண்டியைச் சுற்றி மலை இருப்பதால் நிழல் சீக்கிரம் விழும். ஹந்தானைச் சரிவில் இருப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். 5 மணி வரை கொடியில் கிடந்த போர்வை காலையில் இருந்ததைவிட ஈரமாகத்தான் உள்ளே வரும்.

5. உடுப்புத் துவைப்பதைக் காலையோடு முடியுங்கள். காயாத துணியைப் படுக்கையறையில் தொங்கவிடாதீர்கள். வேறு இடமே இல்லையென்றால் குசினியில், அடுப்புக்கு எட்டாத தூரத்தில் கட்டுங்கள்.

6. சுவரில் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்திருந்தால் ஈரத் துணியால் துடைத்து, தண்ணீரில் கரைத்த பிளீச்சிங் பூசி, வெயிலும் காற்றும் பட விடுங்கள். அந்த நேரம் பிள்ளைகள் அறையில் இருக்கக் கூடாது.

கவனம்: பிளீச்சிங்கோடு மலசலகூடம் கழுவும் அமிலத்தை ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து வரும் நச்சுவாயு நுரையீரலைப் பழுதாக்கும்.

காற்றை அடைத்தல்

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட காலத்திலிருந்து இந்த மலைகளில் இரண்டு விதமான வீடு உண்டு. குளிர் கூடிய இடங்களில் துரை பங்களாவுக்குள் கணப்படுப்பும் அதற்குப் புகைபோக்கியும் வைத்துக் கட்டினார்கள். சமவெளி வெயிலில் பிறந்து வளர்ந்து இங்கே வந்த தொழிலாளிக்குக் கிடைத்தது 10க்கு 12 அடிக் காம்பரா, தகரக்கூரை, முன்னால் ஓர் இஸ்தோப்பு. குளிரை நினைத்துக் கட்டாத வீட்டில் குளிருக்குக் கஷ்டப்படுவது அங்கே குடியிருப்பவரின் குற்றமல்ல. ஆனாலும் இன்றிரவு அந்த வீட்டில்தான் படுக்க வேண்டியிருக்கிறது. செய்யக்கூடியதைச் செய்வோம்.

1. காற்றுள்ள ஒரு மாலையில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு அறையின் நான்கு பக்கமும் நடங்கள். புகை எங்கே சரிந்து ஓடுகிறதோ அங்கே ஓட்டை. கதவின் அடி, யன்னல் சட்டம், சுவருக்கும் தகரத்துக்கும் இடையிலுள்ள சந்து ஆகிய மூன்று இடங்களும் பெரும்பாலும் அகப்படும்.

2. கதவின் அடிக்கு: பழைய சாரம் அல்லது சேலைத் துண்டை நீளப் பையாகத் தைத்து, உள்ளே மணலோ கிழிந்த துணியோ அடைத்து, இரவில் கதவோடு ஒட்டி வையுங்கள்.

3. யன்னல் சட்டத்துக்கு: பழைய துணியை நாடாவாகக் கிழித்து இடுக்கில் செருகுங்கள். கண்ணாடி உடைந்த இடத்தில் தடித்த பொலித்தீனை இரண்டு மடிப்பாக ஆணியடித்தால் மாசி வரை தாங்கும்.

4. கூரைச் சந்துக்கு: படுக்கை இருக்கும் பக்கத்தை மட்டும் கழுவிக் காயவைத்த சாக்கால் அடையுங்கள். அடுப்பு இருக்கும் பக்கத்தைத் தொடவே வேண்டாம். ரெஜிபோம் தகடு மலிவாகக் கிடைக்கிறது என்று கூரை முழுக்க ஒட்டுகிறார்கள். அது தீயைப் பிடித்தால் நிமிடக் கணக்கில் பரவி நச்சுப்புகை கக்கும். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள் இருக்கும் லயத்தில் அதைச் செய்யவே கூடாது.

5. தரைக்கு: சீமெந்துத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டு அடுக்காக விரித்து, அதன் மேல் பாய், பாயின் மேல் மெத்தையோ போர்வையோ போடுங்கள். காலையில் அட்டையைத் தூக்கி நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் அடியில் ஈரம் கட்டும்.

இதைச் செய்பவர்கள் செய்யும் பெரிய பிழை, உற்சாகத்தில் எல்லா ஓட்டையையும் அடைத்துவிடுவது. மூச்சுவிட ஒரு வழி வேண்டும். உயரத்தில், படுக்கைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், ஒரு காற்றுத் துளையாவது எப்போதும் திறந்திருக்கட்டும்.

உடுப்பும் படுக்கையும்

தடிப்பான ஒரே சுவெட்டரை நம்பாதீர்கள். பனியன், அதன் மேல் சட்டை, அதன் மேல் சுவெட்டர் என்று மூன்று மெல்லிய அடுக்கு போட்டால் இடையில் நிற்கும் காற்று சூட்டைப் பிடித்துவைக்கும். பகலில் வியர்த்த பனியனோடு படுக்கப் போவதுதான் பலரும் செய்யும் தவறு. நடு இரவில் முதுகு குளிர்கிறது என்று புலம்புகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதே பனியனோடுதான் படுத்திருப்பார்கள்.

என் அப்பாயி கொழுந்தெடுக்கப் போகும்போது தலையில் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கம்பளியை இரவில் எங்கள் கால்மாட்டில் விரிப்பார். சொரசொரவென்று குத்தும், எனக்குப் பிடிக்காது. ஆனால் நனைந்தாலும் ஓரளவு சூடு காப்பது ஆட்டுமயிர்க் கம்பளி. பருத்தி அப்படியில்லை, நனைந்த உடனே உடம்புச் சூட்டை இழுக்கத் தொடங்கிவிடும். பழைய கம்பளி வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

சுடுதண்ணிப் பை வைப்பது இப்படி:

1. பாமசியில் விற்கும் ரப்பர் பையை வாங்குங்கள். சோடாப் போத்தல் சூட்டில் நெளிந்து திறந்துகொள்ளும்.

2. தண்ணீர் கொதித்ததும் இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். மூடுமுன் பையை மெதுவாக அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள்.

3. தலைகீழாகப் பிடித்து ஒழுக்கு பார்த்தபின் துவாயில் சுற்றுங்கள்.

4. படுப்பதற்குக் கால் மணித்தியாலம் முன்பு போர்வைக்குள் வைத்து, படுக்கும்போது கால் பக்கம் தள்ளிவிடுங்கள். நீரிழிவால் காலில் உணர்வு குறைந்தவர்கள் படுக்குமுன் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். வெந்தது தெரியாமலே தூங்கிவிடுவார்கள்.

கைக்குழந்தைக்குச் சுடுதண்ணிப் பை வேண்டாம். முகத்தை மூடக்கூடிய பாரமான போர்வையும் வேண்டாம். உடுப்பை ஓர் அடுக்குக் கூட்டுங்கள், நெஞ்சில் கைவைத்துச் சூடு பாருங்கள். கை கால் மட்டும் சில்லென்று இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

நெருப்பு: இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள்

இருபத்திரண்டு வயதில் நானும் இரண்டு தோழிகளும் ஒரு மலைநகரத்தில் வாடகை அறையில் தங்கியிருந்தோம். ஒரு தை மாத இரவில் குளிர் தாங்காமல் மண்சட்டியில் கரி தணலைப் போட்டு அறைக்குள் வைத்து, கதவிடுக்கையும் துணியால் அடைத்தோம். தணல் சிவப்பாக, புகையே இல்லாமல் இருந்தது. புகை இல்லையே, ஆபத்தில்லை என்றுதான் நினைத்தோம். ஒருத்திக்குத் தலையிடி தாங்காமல் வாந்தி வந்தது. அவள் எழுந்து கதவைத் திறந்ததால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

கரியோ விறகோ மிளாறோ போதிய காற்றில்லாமல் எரியும்போது காபனோரொட்சைட்டு வாயு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூங்குபவர் தூங்கியபடியே போய்விடுவார்.

1. தணல் சட்டி, பார்பிகியூ அடுப்பு, காஸ் அடுப்பு எதையும் படுக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். யன்னல் கொஞ்சம் திறந்திருக்கிறது என்பது சமாதானமாகாது.

2. நெருப்புக் காயும் ஆசை வந்தால் இஸ்தோப்புக்கு வெளியே, திறந்த வெளியில் காயுங்கள். சேலைத் தலைப்பையும் நைலோன் சுவெட்டரையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

3. காய்ந்து முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். சாம்பலுக்குள் புதைத்த தணல் விடியும்வரை உயிரோடு இருக்கும்.

4. குசினி அடுப்பு எரியும்போது வெளிக்கதவோ யன்னலோ திறந்திருக்க வேண்டும். குளிர் உள்ளே வந்தாலும் பரவாயில்லை.

5. நெருப்பு இருக்கும் அறையில் ஒருவருக்கு மேல் தலையிடி, தலைசுற்று, ஓங்காளம் என்றால் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். எல்லோரையும் வெளிக்காற்றுக்கு இழுத்து வந்துவிட்டு 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

மின்சார ஹீட்டர் வாங்குபவர்களுக்கு: 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளிலுள்ள 5 அம்பியர் வட்டத் துளை பிளக்கில் அதைப் பொருத்தினால் வயர் உருகும். நீட்டிப்பு வயரிலும் போடக் கூடாது. சுவரிலுள்ள 13 அம்பியர் பிளக்கில் நேரடியாகப் பொருத்தி, துணிக்கும் மெத்தைக்கும் ஒரு மீற்றர் தள்ளி வைத்து, தூங்குமுன் அணைத்துவிடுங்கள். ஒரு மணித்தியாலம் எரிந்தால் 2 யூனிட். லயத்து வயரிங் பழையது என்றால் ஹீட்டர் எண்ணத்தையே விடுங்கள். அந்தப் பணத்துக்கு நல்ல போர்வை இரண்டு வாங்கலாம்.

விடியற்காலை

எழும்பியதும் குளிப்பவர்கள் தை முடியும் வரையாவது அதை மதியத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் வாளியில் முதலில் பச்சைத்தண்ணி, அதன் மேல் சுடுதண்ணி. இந்த ஒழுங்கு மாறினால் பிள்ளை அவசரத்தில் கையை விட்டு வெந்துபோகும். தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டிய பிறகே வெளியே இறங்குங்கள்.

தடிமனுக்குக் கொத்தமல்லித் தண்ணி நம் வீடுகளில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லோருக்கும் பொது. இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லியை வாசம் வரும்வரை வறுத்து, விரல் நுனியளவு இஞ்சியைத் தட்டிப் போட்டு, மூன்று கோப்பைத் தண்ணீர் பாதியாக வற்றும்வரை கொதிக்கவைத்து வடியுங்கள். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் தொண்டைக்கு இதம். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், இழுப்பு, நெஞ்சு நோ என்றால் கொத்தமல்லியை நம்பியிருக்காமல் வைத்தியரிடம் போய்விடுங்கள்.

குளிருக்கு என்று கால் போத்தல் எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாராயம் தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரிப்பதால் சூடு ஏறுவதுபோல் தெரியும்; உண்மையில் உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். குடித்துவிட்டு இஸ்தோப்பிலோ வீதியோரத்திலோ படுத்தவர் விடியும்போது விறைத்துப்போவது இப்படித்தான்.

வெளியே இறங்குபவர்களுக்கு

பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு முதல் எதிரி செடியில் நிற்கும் பனித்தண்ணீர். இடுப்பில் கட்டும் படங்கு முழங்காலுக்குக் கீழே வரை இறங்கட்டும். ஒரு சோடி உலர்ந்த உடுப்பைப் பொலித்தீன் பையில் கட்டி எடுத்துப் போய், மதியம் கொழுந்து நிறுத்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு மறைவான இடம் கேட்பது சலுகை கேட்பதாகாது, அதைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

வண்டியோட்டுபவர்கள் ஹுன்னஸ்கிரியப் பக்கமும் புசல்லாவை தாண்டி ரம்பொடை ஏறும்போதும் புகாரில் உயர்வெளிச்சம் போடாதீர்கள். வெள்ளைச் சுவர் எழும்பி ஒன்றும் தெரியாமல் போகும். தாழ்வெளிச்சமும் மெதுவான வேகமும் போதும்.

மாடு வைத்திருப்பவர்கள் கொட்டிலின் காற்றுப் பக்கத்தைச் சாக்கால் மறைத்து, காய்ந்த வைக்கோல் பரப்புங்கள். நனைந்த கன்றைத் துடைத்து உலர்த்திவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

முணுமுணுப்பு நின்றுவிட்டால்

வயதானவர் "குளிருது, குளிருது" என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரை அவர் உடம்பு போராடிக்கொண்டிருக்கிறது. நடுங்குவதும் புலம்புவதும் நல்ல அறிகுறி. நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தூக்கக் கலக்கமாகி, "எனக்குக் குளிரல்ல, விடு" என்று சொன்னால் உடல்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போயிருக்கலாம். வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அதுவும் சில்லென்று இருந்தால்:

1. முதலில் 1990க்கு அழையுங்கள், அல்லது ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள்.

2. ஈர உடுப்பைக் கழற்றி, உலரத் துடைத்து, தலையையும் சேர்த்துப் போர்த்துங்கள். அடியிலும் போர்வை போட மறக்காதீர்கள்.

3. கை காலைத் தேய்க்காதீர்கள். கொதிதண்ணி ஊற்றாதீர்கள். நெருப்பருகே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். சூடு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் மெதுவாக வர வேண்டும். பக்கத்தில் ஒருவர் ஒட்டிப் படுத்து ஒரே போர்வைக்குள் இருப்பது நல்லது.

4. நன்றாக விழித்திருந்து விழுங்க முடிந்தால் மட்டும் சீனி கூடுதலாகப் போட்ட இளஞ்சூட்டுத் தேத்தண்ணி. சாராயம் ஒரு சொட்டும் கூடாது.

5. அம்புலன்ஸ் வரும்வரை தனியே விடாதீர்கள்.

தனியாக இருக்கும் முதியவர்கள் உங்கள் வீதியிலோ லயத்திலோ இருந்தால் ஒரு பட்டியல் எழுதி, யார் வீட்டை யார் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாலை 6 மணிக்கு ஒரு முறை, விடிய 6 மணிக்கு ஒரு முறை. போகும்போது ஒரு கோப்பை இஞ்சித் தேத்தண்ணி கொண்டுபோங்கள். கதவைத் தட்டி, "ஆயா, எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். "என்னத்தைச் சொல்ல, இந்தக் குளிர்ல..." என்று அவர் ஆரம்பித்தால் இஸ்தோப்பில் உட்கார்ந்து முழுவதையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் இன்னொரு முறை தட்டுங்கள். அதற்கும் சத்தம் இல்லையென்றால் அயலவரைக் கூப்பிட்டுக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே போங்கள்.